தேர்வு அறையில் கலங்காதிருக்க...



மே மாத முதல் ஞாயிறு. காலைத் திருப்பலியில் சில இளம் முகங்கள் மட்டும் வாடியிருக்கும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு அந்த ஞாயிறு பிற்பகலில்தான் நடைபெற்றது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பும் குடும்பத்தின் கனவும் ஒரே தேர்வில் அடங்கிவிட்டதுபோல் பிள்ளைக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தைக் கலங்காமல் கடப்பது எப்படி?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். அமைதி என்பது பயமே இல்லாத நிலை அன்று. நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இயல்பு. ஒரு பெரிய வேலைக்கு உடல் தயாராவதன் அடையாளம். "ஐயோ, பயமாக இருக்கிறதே" என்று பயத்தைக் கண்டே பயப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கணக்கைச் சிந்திக்க வேண்டிய மனம் கவலையைச் சுமக்கிறது. தெரிந்த விடையும் நினைவுக்கு வருவதில்லை.

இந்தச் சுமையை இறக்கி வைக்க வழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேர்வுக்குச் சற்று முன் தங்கள் அச்சங்களைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் அஞ்சுகிறவர்கள், நன்றாகத் தேர்வு எழுதினர் என்று கண்டனர். மையத்தின் வாயிலுக்கு வெளியே காத்திருக்கும்போது இதைச் செய்து பார்க்கலாம். எழுதிய தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

வாயிலிலேயே மனம் உடைகிறவர்களும் உண்டு. சங்கிலி, கம்மல், மோதிரம் எதற்கும் அனுமதி இல்லை. கழுத்தில் கிடக்கும் மாதா பதக்கத்தைக் கழற்றச் சொன்னதும் சில பிள்ளைகள் கண் கலங்குகின்றனர். அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். 2025இல் 1.30 மணிக்கு வாயில் அடைக்கப்பட்டது. எனவே மையத்தை முந்தின நாளே பார்த்து வைப்பதும் மன அமைதிக்கு உதவும்.

இனி தேர்வு அறை. 2025இல் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், மொத்தம் 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். எழுதாமல் விட்டால் குறைவதில்லை. எனவே தெரியாத வினாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முதல் சுற்றில் தெரிந்தவற்றை முடியுங்கள். மற்றவற்றுக்குப் பிறகு திரும்பி வாருங்கள். மனம் தடுமாறினால் பேனாவைக் கீழே வையுங்கள். பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக நான்கைந்து முறை வெளியே விடுங்கள். பிறகு நன்கு தெரிந்த ஓர் உயிரியல் வினாவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இதை அன்று புதிதாகச் செய்ய முடியாது. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே, அதுவும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை எழுதிப் பழக வேண்டும்.

வினாத்தாள் கடினமாக இருந்தால் அது உங்களுக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும் கடினம். 2024இல் முழுமையாக 720 மதிப்பெண் பெற்றவர்கள் பலர். 2025இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686தான். இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசையே. "இயற்பியல் போய்விட்டது" என்று மனம் தளர்ந்து, மிச்ச நேரத்தையும் இழந்துவிடாதீர்கள்.

தேர்வு எழுதுவோரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித கூப்பெர்த்தினோ யோசேப்பு (1603-1663) படிப்பில் மிகவும் பின்தங்கியவர். ஆயினும் தடைகளைக் கடந்து 1628இல் குருவானார். மனிதர் வைக்கும் தேர்வில் ஒருவர் பெறும் மதிப்பெண் கடவுள் முன் அவருடைய மதிப்பு அன்று என்பதை அவர் வாழ்வு நமக்குச் சொல்கிறது.

பெற்றோரே, பிள்ளையின் நம்பிக்கை தேர்வு அறையில் பிறப்பதில்லை, வீட்டில் பிறக்கிறது. "உனக்காக எவ்வளவு செலவு செய்தோம் தெரியுமா?" என்ற சொல்லையும் பிள்ளை அறைக்குள் சுமந்து செல்கிறது. "எழுதிவிட்டு வா கண்ணு, வெளியே காத்திருக்கிறோம்" என்ற சொல்லையும் சுமந்து செல்கிறது. எது வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. இந்தத் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது, மீண்டும் எழுதலாம். வேறு நல்ல படிப்புகளும் உண்டு. ஆனால் நம் பிள்ளைக்கு மாற்று இல்லை. நீட் அச்சத்தால் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளுக்காகத் தமிழகம் பலமுறை அழுதிருக்கிறது. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒதுங்கினால் உடனே அருகில் அமர்ந்து பேசுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம், "எத்தனை கேள்வி எழுதினாய்?" என்று கேட்குமுன், "பசிக்கிறதா?" என்று கேட்போம். அடுத்த தேர்வுக்கான துணிவு அங்கேதான் தொடங்குகிறது.