சுங்க அரசியல் – 9: பம்பாய் கிளப் கேட்டதும் கிடைத்ததும்

ரிசர்வ் வங்கியின் தங்கம் லண்டனுக்கு விமானம் ஏறிய 1991 ஜூலையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே மாதம் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. வர்த்தக அமைச்சர் ப.சிதம்பரம் ஏற்றுமதிக்கான ரொக்க மானியத்தை நிறுத்தினார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் உச்ச இறக்குமதி வரியை 150 சதவீதத்துக்கு இறக்கினார். அதுவரை சில பொருட்களுக்கு அது 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. அடுத்த பட்ஜெட்களில் 110, பிறகு 85.

தொழிலதிபர்கள் முதலில் வரவேற்றார்கள். லைசென்ஸுக்காக டெல்லி அலுவலகங்களில் காத்துக்கிடந்தவர்களுக்கு அது விடுதலை. 1993-ல் பேச்சு மாறியது. ராகுல் பஜாஜ், ஹரி சங்கர் சிங்கானியா, எல்.எம்.தாப்பர் போன்றவர்கள் பம்பாயில் கூடிப் பேசினார்கள். பத்திரிகைகள் அந்தக் குழுவுக்கு ‘பம்பாய் கிளப்’ என்று பெயர் வைத்தன. பன்னாட்டு நிறுவனங்களோடு மோத எங்களுக்கும் சமமான களம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அதில் நியாயம் இருந்தது. இங்கே வங்கிக் கடனுக்கு வட்டி 15 சதவீதத்துக்கும் மேல்; வெளிநாட்டுப் போட்டியாளருக்கு அதில் பாதிகூட இல்லை. மின்வெட்டையும் துறைமுகத் தாமதத்தையும் சகித்துக்கொண்டு ஆலை நடத்த வேண்டும். இதையெல்லாம் சரிசெய்வதற்கு முன்பே, பல துறைகளில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு அனுமதி தாமாகவே கிடைக்கும் என்று அரசு அறிவித்துவிட்டது. விளைவு கண்ணெதிரே நடந்தது. டாடாக்களின் எண்ணெய் ஆலை நிறுவனம் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. நம் வீட்டுக் குளியலறைகளில் இருந்த ஹமாம் கைமாறியது. கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப்பை வாங்கியது.

ஆனால், பம்பாய் கிளப்பை முழுதாக ஆதரிக்க என்னால் முடியவில்லை. ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நடுத்தரக் குடும்பங்களை அந்த விவாதத்தில் யார் நினைத்தார்கள்? அந்தக் காத்திருப்பும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு இருந்த பழைய பாதுகாப்பு தந்ததுதான்.

பலர் மறந்துவிட்ட உண்மை ஒன்று உண்டு. வரி குறைப்பின் பலன் பெரும்பாலும் இயந்திரங்களுக்கும் மூலப்பொருட்களுக்கும்தான் போனது. நுகர்பொருள் இறக்குமதிக்கான கட்டுப்பாடுகள் பெருமளவு அப்படியே தொடர்ந்தன. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா வழக்குத் தொடுத்து, இந்தியா தோற்ற பிறகே, 2001 ஏப்ரல் 1-ல் கடைசி 715 பொருட்களுக்கான தடை நீங்கியது. ஆக, வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிவதற்கு முன் பெரிய நிறுவனங்களுக்குக் கூடுதலாக எட்டு ஆண்டுகள் கிடைத்தன. பஜாஜ் அந்த அவகாசத்தை வீணாக்கவில்லை. புதிய தொழில்நுட்பத்தில் முதலிட்டார்கள். 2001-ல் பல்சர் வந்தது. இன்று ஆப்பிரிக்கச் சாலைகளில் அவர்களின் பைக்குகள் ஓடுகின்றன. பயந்தவர்கள் எல்லோரும் அப்படிப் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெருமுதலாளிகளின் குரல் நிதியமைச்சர் வரை எட்டியது. சிறுதொழில் பட்டறைக்காரருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இன்றும் வரிகளைக் குறைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்னும் பல நாடுகளோடு பேச்சு நடக்கிறது. எந்தப் பொருளின் வரியை மாற்றும்படி யார் மனு கொடுத்தார்கள் என்பதை அரசு பொதுவெளியில் வைக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.