நண்பனைத் தேடியவன் கண்ட மூன்றாம் ஆள்

துப்பறிவது போலீஸ் வேலை. சாதாரண மனிதன் ஏன் அதில் இறங்குகிறான்? இதற்குப் பதில் சொல்லும் படம் 1949இல் வெளிவந்த 'தி தேர்ட் மேன்'. கதை கிரஹாம் கிரீன்; இயக்கம் கேரல் ரீட்.

போர் முடிந்த வியன்னா நகரம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கும் அதைப் பங்கு போட்டுக் கொண்டிருந்தன. அங்கே வரும் நாவலாசிரியன் மார்டின்ஸ், நண்பன் லைம் கார் மோதி இறந்ததாக அறிகிறான். உடலைத் தூக்கியவர் இருவர் என்கிறார்கள் லைமின் கூட்டாளிகள். மூவர் என்கிறார் கட்டடக் காவலாளி. யார் அந்த மூன்றாம் ஆள்?

லைமேதான்! அவன் சாகவில்லை. பென்சிலினில் கலப்படம் செய்து கள்ளச் சந்தையில் விற்றவன் அவன். அந்த மருந்தால் சீரழிந்த குழந்தைகளை மருத்துவமனையில் பார்த்த பிறகே, போலீசுக்கு உதவ மார்டின்ஸ் உறுதி கொள்கிறான்.

இது நமக்கு அந்நியக் கதையா? 1945இல் மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் பி.எம்.ஏ. என்ற சுருக்கப் பெயரை, 'பிளாக் மார்க்கெட் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று மக்கள் கேலியாக விரித்தார்கள்.

மருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சிம்பாங் பூலாய் இருக்கும் அதே கிந்தா வட்டாரத்தில், பாப்பானில், சிபில் கார்த்திகேசு ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். 1943இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டார், 1948இல் மறைந்தார்.

நட்புக்காக உண்மையைத் தேடலாம். கிடைத்த உண்மையை நட்புக்காக மறைக்கலாமா? மார்டின்ஸ் முன் நின்ற கேள்வி இதுதான்.