படகுக்குப் பூசிய விஷம்

நடுவர் அவர்களே! "படகுக்குப் பெயிண்ட் அடிச்சா கடலுக்கு என்ன கேடு?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நான் சொல்றேன்.

படகின் அடியில் பாசியும் கிளிஞ்சலும் ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும். ஒட்டாமல் இருக்க டி.பி.டி. என்ற நஞ்சைப் பெயிண்டில் கலந்தார்கள். அது தண்ணீரில் கரைஞ்சுகிட்டே இருக்கும். கரைஞ்சாத்தான் வேலை செய்யும்!

பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில், 1970களின் கடைசியில், சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. பெரிய சிப்பிக்கோ ஓடு தடித்தது, சதை சுருங்கியது. இங்கிலாந்துக் கரையில்... சபையிலே சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு... பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைச்சுதுங்க! முட்டையிட வழியே அடைபட்டது. அதற்கு, லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு நஞ்சு போதும்.

1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. சிப்பிக் குஞ்சு திரும்பி வந்தது. கப்பல்களுக்கும் சேர்த்து உலகத் தடை நடைமுறைக்கு வந்தது 2008-இல். நடுவுல 26 வருஷம், நத்தை யார்கிட்டே போய் மனு கொடுக்கும்?