முதற்கோடைப் பயிற்சி: சட்ட மாணவர் எங்குச் செல்வது?

நம் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறுவோருள் சிலர் ஆண்டுதோறும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பை நாடிச் செல்கின்றனர். அவர்களுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி அணியப் போகின்றவர்கள். முதலாண்டின் முடிவில், கோடைப் பயிற்சிக்கு எங்குச் செல்வது என்னும் வினா எழும்போது, வழிகாட்ட வீட்டில் ஒருவரும் இலராய்ப் பழைய ஆசிரியரைத் தேடி வருகின்றனர்.

அவ்வாறு வந்த மாணவன் ஒருவனுக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, சென்னையில் பெருநிறுவனங்களின் பணிகளை ஏற்று நடத்தும் பெரிய சட்ட அலுவலகம். மற்றொன்று, பக்கத்துத் தாலுகாவில் நெடுங்காலமாகத் தொழில் நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகம். ஊர்ப் பெரியவர்கள் சென்னையே சிறந்தது என்றனர். தந்தையோ நான்கு வார விடுதி வாடகைக்குக் கடன் வாங்கவும் ஆயத்தமானார். நான் தமிழாசிரியன், சட்டம் அறியேன். ஆதலின் நம் பழைய மாணவர்களாகிய வழக்கறிஞர் சிலரை வினவி அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் விதியை அறிதல் வேண்டும். பட்டம் பெற்றபின் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என 1995 இல் கொணரப்பட்ட விதி செல்லாது என்று 1999 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் இந்தியப் பார் கவுன்சில் வகுத்த 2008 ஆம் ஆண்டின் சட்டக்கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரமும் படிப்புக் காலத்துக்குள்ளேயே பயிற்சி பெறவேண்டும் என்கின்றன. ஓராண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேற்படலாகாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வழக்காடும் வழக்கறிஞரிடம் ஒருமுறையேனும் பயின்றிருத்தல் வேண்டும். எனவே மூன்றாண்டு மாணவனுக்குக் கிடைப்பவை சில கோடைகளே. அவற்றுள் முதலாவதை எதற்குச் செலவிடுவது என்பதே வினா.

உடையைப் பற்றியும் ஒரு சொல். கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் வாங்க இயலவில்லையே என்று தயங்கும் பிள்ளைகள் உளர். முழு உடை கிட்டாதபோது வெள்ளைக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் போதும் என அவ்விதிகளே இடந்தருகின்றன.

சென்னைப் பெரிய அலுவலகத்தின் பணி பெரும்பாலும் ஆவணங்களைச் சார்ந்தது. நிறுவனச் சட்டமும் வரிச் சட்டமும் இன்னும் பயிலாத முதலாண்டு மாணவன் அங்கே நூலகத்தில் பழைய தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெடுப்பான். அது தாழ்ந்த பணியன்று. ஆயினும் எவ்வழக்குக்காகத் தேடுகின்றோம் என்பது அவனுக்கு விளங்காமலே நான்கு வாரமும் கழிந்துவிடக் கூடும். உயர் நீதிமன்ற மூத்த வழக்கறிஞரிடம் செல்வோர் நாட்காட்டியைப் பார்த்துச் செல்லுதல் நலம். மே மாதத்தில் அங்குக் கோடை விடுமுறை. அவசர வழக்குகளுக்கான அமர்வுகளே நடைபெறும். பூட்டிய அறைகளைக் கண்டு திரும்பியோர் உண்டு.

தாலுகாவின் நிலை வேறு. அங்கும் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாதத்தில் விடுமுறைதான். ஆனால் குற்றவியல் நடுவர் மன்றங்கள் இயங்கும். பிணை மனுவும் காவலடைப்பும் சாட்சி விசாரணையும் நாள்தோறும் நிகழும். ஜூனில் நீதிமன்றம் திறந்ததும் தாக்கல் செய்ய வேண்டிய வழக்குரைகளை வழக்கறிஞர்கள் அம்மாதத்திலேதான் எழுதுவர். கட்சிக்காரர் வந்து அழுதும் சினந்தும் கூறுவதைக் கேட்டு, பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு ஒப்பிட்டு, அது வழக்குரையாக உருப்பெறுவதைத் தொடக்கம் முதல் காணும் வாய்ப்பு அங்குண்டு.

மொழியும் இங்கு எண்ணத்தக்கது. உயர் நீதிமன்ற நடைமுறை ஆங்கிலத்தில் அமைந்தது. கீழமை நீதிமன்றங்களிலோ, 1956 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976 இல் செய்யப்பட்ட திருத்தம் தமிழுக்கு வழிவகுத்தது. தமிழ்வழியில் பயின்ற மாணவன் தன் திறனை முதல் நாளிலேயே காட்டக்கூடிய இடம் அது. அங்குப் புழங்கும் சொற்கள் அரபு பயின்றோர்க்கு அயலும் அல்ல. வக்காலத்து, தாவா, ஜாமீன், ஜப்தி, அமீனா, முன்சீப் யாவும் அம்மொழியிலிருந்து வந்து தமிழர் நாவில் படிந்தவையே!

பிறிதொன்று. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. ஆயினும் அந்நாளுக்கு முந்தைய குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்படியே விசாரிக்கப்படுகின்றன. '144' என்றால் தடையுத்தரவு என்றே நாம் அறிவோம். புதிய நடைமுறைச் சட்டத்தில் 144 ஆம் பிரிவு மனைவி, மக்கள், பெற்றோர்க்கான பராமரிப்புத் தொகை பற்றியது. தடையுத்தரவு 163 ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. இரண்டு சட்டங்களும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் பேசப்படுவதை நடுவர் மன்றத்தில் அமர்ந்து கேட்பவன், நூலால் மட்டும் பயில்பவனினும் விரைவில் தெளிவடைவான்.

பெண் மக்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைச் சுட்டலாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் காவலில் இருப்போரும் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறத்தக்கவர். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. பராமரிப்புக் கேட்டு வரும் ஒரு தாயின் மனுவை எழுத உதவும் மாணவி, குடும்பச் சட்டப் பாடத்தை மறக்கமாட்டாள்.

தாலுகாவிலும் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. சொந்த ஊராயின் எதிர்க்கட்சிக்காரர் மாமனாகவோ பெரிய தந்தையாகவோ இருக்கக்கூடும். அலுவலகத்தில் கேட்டதை வீட்டில் மறைப்பது எளிதன்று. எனவே பக்கத்துத் தாலுகா நன்று. சில அலுவலகங்களில் கட்டுச் சுமப்பதும் தேநீர் வாங்கி வருவதுமே பயிற்சியாக முடிந்துவிடுதலும் உண்டு. ஆகவே சேருமுன் பணிவோடு இரண்டு கேட்டறிக: 'கட்சிக்காரர் பேசும்போது உடனிருக்கலாமா? நான் எழுதுவதைத் திருத்தித் தருவீர்களா?' உதவித்தொகையை எங்கும் எதிர்பார்க்க வேண்டா.

என்னிடம் வந்த மாணவன் இவ்விரண்டையும் தாலுகா வழக்கறிஞரிடம் கேட்டான், அவர் இசைந்தார். பேருந்துக் கட்டணத்தோடு செலவு முடிந்தது. பாகப்பிரிவினை வழக்கொன்றின் சொத்து விவரத்தை அவன் எழுத, நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தமையால் மூன்று முறை திருப்பித் தந்தாராம். நான்காம் முறை எழுதியது ஜூனில் தாக்கலாயிற்று. அதன் நகலை என்னிடம் கொணர்ந்து காட்டினான். அடுத்த கோடைக்கெனச் சென்னை அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பம் எழுதி வைத்திருக்கின்றான்.