தேனீக்கு ஒரு தட்டுத் தண்ணீர்

சித்திரை மாத வெயிலில், காலை பத்து மணி சுமாருக்கு உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் குழாயடியையோ தொட்டியையோ போய்ப் பாருங்கள். ஈரம் படிந்த விளிம்பில் சிறு தேனீக்கள் அமர்ந்து, வயிறு துடிக்க நீரை உறிஞ்சிக் கொண்டிருப்பதைக் காணலாம். தேனைச் சேர்த்து வைத்திருக்கும் பூச்சிக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு விடை தேடும் முன்பே ஒரு தவறு செய்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். பூச்சியியல் எனக்குப் பாடமன்று. மதுரைக்கு வெளியே உள்ள எங்கள் வீட்டின் பின்புறம் தரையோடு பதித்த சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. ஆறடி நீளம், மூன்றடி அகலம். அதில் அல்லி வளர்க்கிறோம். கொசுப்புழுக்களைத் தின்னக் கப்பி மீன்கள் விட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் தேனீக்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வரத் தொடங்கின. அடுத்த தெருவிலுள்ள பாழுங்கிணற்றின் சுவர் இடுக்கில் அவற்றின் கூடு இருந்தது. துணி துவைக்கப் போகவே என் தாயார் அஞ்சினார். தண்ணீர் இல்லாவிட்டால் தேனீக்கள் போய்விடும் என்று எண்ணி, மீன்களை வாளிக்கு மாற்றித் தொட்டியை வடித்துவிட்டேன்.

மறுநாள் காலை தேனீக்கள் வறண்ட தொட்டியின் மேல் வட்டமிட்டன. நண்பகலுக்குள் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. அங்கே வெறுங்காலுடன் ஓடிய நான்கு வயதுப் பையன் ஒரு தேனீயை மிதித்துவிட்டான். பாதம் இரண்டு நாள் வீங்கியிருந்தது. மாலையில் பையனின் தாத்தா வந்தார். "சார், பந்தம் கொளுத்த ஆள் சொல்லியிருக்கேன். இன்னிக்கு ராத்திரி கூட்டோட முடிச்சிரலாம்" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. குற்றம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, பதினைந்து நாள் தவணை கேட்டேன். "வாத்தியார் சொல்றீங்க, பொறுத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனார். அந்தப் பதினைந்து நாட்களில் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றையே உங்களுக்கு எழுதுகிறேன்.

தேனீக் கூட்டில் புழுக்கள் வளரும் பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பாகை கூடினாலும் புழுக்களுக்குக் கேடு. மேலும் சூடேறினால் மெழுகு அடையே இளகித் தொய்ந்துவிடும். வெளியே 40 பாகை அடிக்கும்போது உள்ளே 35 பாகை எப்படி இருக்க முடியும்? உங்கள் வீட்டு மண்பானை செய்யும் வேலையைத்தான் தேனீக்களும் செய்கின்றன. கொண்டுவந்த நீரை அடையின் அறைகளில் சிறு துளிகளாகப் பூசுகின்றன. சில தேனீக்கள் நீர்த்துளியை வாயில் ஏந்தி மெல்லிய படலமாக விரித்து மடக்குகின்றன. வேறு சில வாயிலருகே நின்று சிறகால் விசிறி, ஈரக்காற்றை வெளியே தள்ளுகின்றன. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? ஒரு தேனீ ஒரு நடைக்கு 25 மில்லிகிராம் நீர் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஆக, இந்த ஒரு சுமை எடுத்துக்கொள்ளும் வெப்பம் 60 ஜூல். ஒரு லிட்டர் காற்றை ஒரு பாகை குளிர்விக்க ஏறக்குறைய 1.2 ஜூலை வெளியேற்றினால் போதும். எனவே ஒரே ஒரு தேனீ கொண்டுவரும் நீர், 10 லிட்டர் காற்றை 5 பாகை குளிர்விக்கப் போதுமானது. அடையும் சுவரும் தேனீக்களின் உடலும் மேலும் மேலும் சூட்டைத் தந்துகொண்டே இருப்பதால், ஒரு நடையோடு வேலை முடிவதில்லை. நாள் முழுதும் நடக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் லிண்டௌவர் 1950களில் இதனைக் கடுமையாகவே சோதித்துப் பார்த்தார். இத்தாலியில் சலெர்னோ அருகே, எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைத் தரையில், வெட்டவெளியில் ஒரு தேனீப் பெட்டியை வைத்தார். வெளியே வெப்பம் 70 பாகையை எட்டியது. தண்ணீர் கிடைத்தவரை தேனீக்கள் கூட்டை 35 பாகையிலேயே வைத்திருந்தன!

அவர் கண்ட இன்னொரு செய்திதான் என் தவற்றை எனக்குப் புரிய வைத்தது. நீர் சுமந்து வரும் தேனீ வெப்பமானியைப் பார்ப்பதில்லை. தன் சுமையை வாங்கிக்கொள்ள உள்ளிருக்கும் தேனீக்கள் எவ்வளவு விரைவாக வருகின்றன என்பதைத்தான் கவனிக்கிறது. உடனே வாங்கிக்கொண்டால், 'தேவை மிகுதி' என்று பொருள்; மறுபடி பறக்கும், நடனமாடி மற்றவற்றையும் அழைக்கும். வாங்க ஆளில்லாமல் காத்திருக்க நேர்ந்தால், வேலையைக் குறைத்துக்கொள்ளும். நான் தொட்டியை வடித்தபோது கிணற்றுச் சுவருக்குள் சூடு தணியவில்லை. தண்ணீருக்கான கேட்பு அப்படியே இருந்தது. அவை வேறிடம் தேடாமல் என்ன செய்யும்?

ஆகவே தொட்டியை மீண்டும் நிரப்பினேன். இப்போது வேறொரு தொல்லை தெரியவந்தது. தொட்டியின் சுவர் செங்குத்தானது, வழவழப்பானது. காலையில் என் மகள் வலையால் அரித்து எடுத்தால், பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் செத்துக் கிடக்கும். தேனீயின் உடலில் மயிர் அடர்ந்திருப்பதால் அது உடனே மூழ்குவதில்லை. ஆனால் சிறகின் அடிப்பக்கத்தில் நீர் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேலெழும்ப முடியாது.

இப்படி விழுந்த தேனீ என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ரோ, மோரி கரீப் என்ற இருவர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். ரோ தம் கல்லூரி வளாகக் குளத்தருகே நடந்தபோது, விழுந்து தவித்த ஒரு தேனீயையும், வெயிலில் அது எழுப்பிய அலைகளின் நிழல் குளத்தின் தரையில் விழுந்ததையும் கண்டதே ஆய்வின் தொடக்கம். (கிணற்றங்கரையில் நிற்கும்போது நீங்களும் கீழே பாருங்கள். இத்தகைய நிழல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன!) பறக்கையில் 90 பாகைக்கு மேல் வீசும் சிறகை, நீரில் அது 10 பாகைக்கும் குறைவாகவே அசைக்கிறது. ஒட்டிய நீரைச் சிறகால் இழுத்துப் பின்னுக்குத் தள்ளுகிறது. பின்புறம் பெரிய அலைகள் எழுகின்றன. முன்புறம் அவ்வளவு இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடல் முன்னே நகர்கிறது. கிடைக்கும் விசை ஒரு நியூட்டனில் பத்து லட்சத்தில் 20 பங்கு. 100 மில்லிகிராம் எடையுள்ள இத்தாலியத் தேனீயின் எடையோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குதான். மிதக்கும் உடலைத் தள்ள அது போதும். ஆனால் சுமார் பத்து நிமிடம் வரைதான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் பற்றி ஏற ஏதேனும் ஒரு கரை வேண்டும்.

எங்கள் தொட்டியில் கரை இல்லை. தேங்காய் மட்டைகள் நான்கைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டோம். ஒரு மூலையில் உடைந்த ஓடுகளைச் சரிவாக அடுக்கினோம். மூன்றாம் நாள் வலையில் ஒரே ஒரு தேனீதான் இருந்தது.

அடுத்து, பக்கத்து வீட்டிலிருந்து அவற்றைத் திருப்ப வேண்டும். அவர்கள் பாத்திரம் தேய்க்கும் இடத்தை ஈரமின்றித் துடைத்து வைக்க இசைந்தனர். நான் வேலியை விட்டுத் தள்ளி, முருங்கை நிழலில் இரண்டு அகலமான மண்தட்டுகளை வைத்தேன். கூழாங்கற்களைப் பரப்பி, கற்களின் தலை நனையாதபடி நீர் ஊற்றினேன். தேனீ நீரைத் தேர்வது கண்ணால் மட்டுமன்று; மணத்தாலும் சுவையாலும்தான். பளிங்கு போன்ற நீரை விட்டுவிட்டுப் பாசி படிந்த நீருக்கும், சற்று உப்புக் கலந்த நீருக்கும் அது போவதைப் பார்க்கலாம். ஆதலால் பழைய தொட்டியின் பாசிக் கற்களையே தட்டில் போட்டேன். விடியுமுன் நிரப்பிவிட வேண்டும். கூட்டிலிருந்து கிளம்பும் முதல் தேனீக்கு அது கிடைக்க வேண்டும். கொசு முட்டையிடாமலிருக்க வாரம் இருமுறை நீரைக் கொட்டி மாற்றுங்கள். ஆனால் கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள்.

கொட்டுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல். நீர் குடிக்க வந்த தேனீ தன் கூட்டைக் காக்க வந்ததன்று. மிதித்தால், நசுக்கினால், ஆடைக்குள் சிக்கினால்தான் கொட்டும். எனவே அங்கே செருப்பில்லாமல் போகக்கூடாது. கொட்டிவிட்டால் கொடுக்கு தோலிலேயே தங்கி, தொடர்ந்து நஞ்சை இறக்கும். நகத்தாலோ விரலாலோ உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். மூச்சுத் திணறினாலும், உடலெங்கும் தடித்தாலும், ஒரே நேரத்தில் பல தேனீக்கள் கொட்டினாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். உயர்ந்த மரத்திலும் நீர்த்தொட்டிக் கோபுரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அதன் அருகே போகாதீர்கள். கல்லெறிவது உயிருக்கே ஆபத்து.

எங்கள் கிணற்றில் இருந்தது பொந்துகளில் வாழும் இந்தியத் தேனீ. மார்த்தாண்டம் பகுதியில் மரப்பெட்டிகளில் வளர்ப்பதும் இதையே. அப்பெட்டியின் பெயர் நியூட்டன் பெட்டி. நம் ஐசக் நியூட்டன் அல்லர். 1910களில் தென்னிந்தியாவில் அதனை வடிவமைத்த பாதிரியார் ஒருவர்! 1991-92இல் தாய் சேக்புரூட் என்ற வைரசு நோய் பரவி, தென்னிந்தியாவில் இவ்வினக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பிழைத்தவற்றிலிருந்தே இவை மீண்டும் பெருகின. பந்தத்துக்கு இரையாக இருந்தது அப்படிப்பட்ட ஒரு கூட்டம்.

தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கூரையில் படர்ந்திருந்த பூசணிக் கொடியைக் காட்டினேன். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அதன் மகரந்தம் ஒட்டும் தன்மையது, காற்றில் பறக்காது. விடியற்காலையில் விரியும் பூ, வெயில் ஏறியதும் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீயைப் போன்ற ஏதேனும் பூச்சி வந்துபோகாவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். அவர் ஒன்றும் பேசாமல் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் தேனீக்கள் மண்தட்டுக்கு வந்துவிட்டன. பதினைந்தாம் நாள் காலை தாத்தாவே வந்தார், பின்னால் பையன். திண்ணையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லைத் தம் பக்கத்து வேலியோரம் புதைக்கலாமா என்று கேட்டார். குழி செங்குத்தாக இருக்கிறதே, ஓட்டுத்துண்டு போட வேண்டுமே என்றேன். பையன் ஏற்கெனவே கை நிறைய ஓட்டுத்துண்டு வைத்திருந்தான். காலில் செருப்பும் இருந்தது.