மோட்டாருக்குப் பாதரட்சை

செருப்புக் கடைக்குப் போகிறவன் எவனும் அளவு பாராமல் செருப்பு வாங்குவதில்லை. காலை நுழைத்துப் பார்த்து, நாலடி நடந்து பார்த்து, "விரல் நெருக்குகிறது", "குதிகால் கடிக்கிறது" என்று கடைக்காரரைப் படாத பாடு படுத்திய பிறகே பணப்பையைத் திறக்கிறான். அதே மனிதன், லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கிய மோட்டார் வண்டிக்குப் புதுச் சக்கரம் வாங்கப் புறப்பட்டால் மட்டும், பளபளப்பையும் பருமனையும் பார்த்த மாத்திரத்தில் தீர்மானம் செய்துவிடுகிறான்! மாட்டி முடித்துப் பத்து மைல் போன பிறகல்லவா எங்கே நெருக்குகிறது, எங்கே கடிக்கிறது என்பது தெரிய வருகிறது?

விடுமுறை நாளொன்றில் மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் வழியாக இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையோரம் சற்று நின்று பார்த்தால், இந்த மோகம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது விளங்கும். முக்கியமாக, செடான் வகையிலேயே சற்று வேகமும் துடிப்பும் உள்ள வண்டிகளை வைத்திருப்பவர்களை இது எளிதில் பற்றிக்கொள்கிறது. 2022-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா போன்றவை இந்த ரகத்தைச் சேர்ந்தவை.

"அப்பா, பதினெட்டு அங்குலச் சக்கரம் போட்டால்தான் வண்டி வண்டியாக இருக்கும்" என்கிறான் பிள்ளை.

"இருக்கிற சக்கரத்துக்கு என்னடா குறைச்சல்? ஓடாமலா நிற்கிறது?" என்கிறார் தகப்பனார்.

"பாட்டியையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அக்கினி தீர்த்தத்துக்குப் போக வேண்டிய வண்டியாயிற்றே! அதைச் சொல்லுங்கள்" என்கிறாள் தாயார்.

மூவருடைய பேச்சிலும் நியாயம் இருக்கிறது. புதுச் சக்கரம் பூட்டுவது பாவமல்ல. பழையது பள்ளத்தில் விழுந்து கோணிப் போனால் பூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் தாயார் கேட்ட கேள்விக்குக் கண்ணால் பதில் சொல்ல முடியாது. அளவுகோலால்தான் சொல்ல வேண்டும்.

உள்ளங்கை அளவு நிலம்

வண்டியின் யந்திரம் எத்தனை குதிரை சக்தி உடையதாயினும் சரி, பிரேக் எவ்வளவு உயர்ந்ததாயினும் சரி, அந்தச் சக்தியெல்லாம் பூமிக்குச் சென்று சேருவது டயர்கள் தரையைத் தொடும் இடத்தின் வழியாகத்தான். ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில். நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஒரு குடும்பம் பிரயாணம் செய்கிறது.

இந்த உண்மை நம் நாட்டு வண்டித் தச்சருக்கு நன்றாகத் தெரியும். குடம், ஆரக்கால், வட்டை என்று ஒவ்வொன்றையும் அளந்து செதுக்குவார். கடைசியில் இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாக வளைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அளவு கொஞ்சம் பிசகினாலும் பட்டை கழன்று ஓடும். அல்லது வட்டை விரியும். இராமநாதபுரம் சீமையின் மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குச் சக்கரம் பிசகினால் என்ன நேரும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

1888-இல் டன்லப் என்பவர் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்தார். 1946-இல் பிரெஞ்சு தேசத்து மிஷலின் கம்பெனியார் ரேடியல் டயருக்கு உரிமை பெற்றார்கள். அதே 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யச் சிறு கொட்டகை ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பலூன் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எப். என்னும் டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. இன்று உயர்ந்த ரக டயர்கள் பல நம் மாகாணத்திலேயே உற்பத்தியாகின்றன. ஆகவே நல்ல டயருக்குப் பஞ்சமில்லை. பொருத்தம் பார்க்கும் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கச் சுவரில் அதன் ஜாதகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 205/55 ஆர் 16 91 வி என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் எண் டயரின் அகலம், 205 மில்லிமீட்டர். 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு என்பதைக் குறிக்கும். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரையில் தாங்கும் வேகக் குறி.

இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்த கணக்கு ஒன்று. 205-இல் நூற்றுக்கு 55 பங்கு 112.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், 225.5. பதினாறு அங்குலம் 406.4 மி.மீ. ஆக மொத்த விட்டம் 631.9 மி.மீ. வளையத்தைப் பெரிதாக்கினாலும் இந்த மொத்த விட்டம் மாறலாகாது. நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பங்குக்குள் வித்தியாசம் நிற்க வேண்டும். இதுவே பொருத்தத்தின் முதல் பிரமாணம்.

பதினேழு அங்குல வளையத்தில் 205/50 டயர் போட்டால் விட்டம் 636.8 மி.மீ. ஆகிறது. நூற்றுக்கு ஒன்றுகூட ஏறவில்லை. விட்டத்தைப் பொறுத்தவரை சரி. அதே வளையத்தில் கம்பீரமாயிருக்கிறதென்று 215/55 போட்டாலோ விட்டம் 668.3. ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு அதிகம். வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 85-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். சக்கரத்தை முழுவதும் திருப்பினால் டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசவும் கூடும்.

பிள்ளை ஆசைப்பட்ட பதினெட்டு அங்குலத்துக்கு 225/40 டயர் உண்டு. அதன் விட்டம் 637.2 மி.மீ. விட்டம் பொருந்துகிறது. ஆனால் பக்கச் சுவர் 112.75-இலிருந்து 90 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மெத்தையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! மேலும் அந்த அளவில் சாதாரண டயரின் பாரக் குறியீடு 88, அதாவது 560 கிலோ. எக்ஸ்.எல். என்று குறித்த பலப்படுத்திய டயரில்தான் 92, அதாவது 630 கிலோ. 'நாலு டயருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 88 போதுமே' என்று வாதிக்கலாம். வண்டி அசையாமல் நிற்கும்போது அது சரி. பிரேக்கை அழுத்தினால் பாரம் முன்னே சாய்கிறது. திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பள்ளத்தில் ஒரே சக்கரம் அடி வாங்குகிறது. ஆகையால் வண்டியோடு வந்த பாரக் குறியீட்டுக்கும் வேகக் குறிக்கும் கீழே ஒருபோதும் இறங்கலாகாது. எக்ஸ்.எல். டயருக்குக் காற்றழுத்தமும் அதற்கேற்றபடி வேறுபடும்.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. கடையில் பல வருஷம் படுத்திருந்த டயரைப் புதிது என்று வாங்கி ஏமாற வேண்டாம்.

சக்கரத்தின் நான்கு பொருத்தங்கள்

முதலாவது, துவாரங்களின் வட்டம். போல்ட்டுகள் நுழையும் துவாரங்களின் மையங்களைச் சேர்த்து ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டத்தையே பி.ஸி.டி. என்கிறார்கள். விர்ட்டஸ், ஸ்லாவியா வண்டிகளில் ஐந்து துவாரம், 100 மி.மீ.; அதே ஸ்கோடா குடும்பத்து ஆக்டேவியாவில் ஐந்து துவாரம், 112 மி.மீ.; ஹோண்டா சிவிக்கில் ஐந்து துவாரம், 114.3 மி.மீ. அண்ணன் வண்டிச் சக்கரம் தம்பி வண்டிக்குப் பொருந்தாது! ஐந்து துவாரச் சக்கரத்தில் அடுத்தடுத்த இரண்டு துவார மையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் வரும். 58.8 மி.மீ. இருந்தால் 100, 65.8 இருந்தால் 112. 112-க்கும் 114.3-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 'இழுத்து முடுக்கினால் உட்கார்ந்துவிடும்' என்று கடைப் பையன் சொன்னால், அந்தக் கடையிலிருந்து உடனே புறப்பட்டுவிடுவது உத்தமம்.

இரண்டாவது, நடுத்துவாரம். சக்கரத்தின் நடுத்துவாரம் வண்டியின் குடத்தில் இறுகப் பொருந்த வேண்டும். விர்ட்டஸின் குடம் 57.1 மி.மீ., சிவிக்கின் குடம் 64.1 மி.மீ. சந்தையில் விற்கும் சக்கரங்கள் பல வண்டிகளுக்கும் ஆகட்டுமென்று பெரிய துவாரத்துடன் வருகின்றன. இடைவெளியை நிரப்பச் சரியான அளவில் வளையம் போடாவிட்டால் சக்கரம் நடுப்பிசகி, வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

மூன்றாவது, ஆஃப்செட். வளையத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்து, அதிலிருந்து சக்கரம் குடத்தோடு சேரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இது. ஆறரை அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு, ஏழரை அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதைப் பூட்டினால், அதன் வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வந்துவிடும், உள் விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். வெளியே வந்தால் மட்கார்டில் உரசும். பேரிங்கின் மீது பாரம் கூடும். அதிகமாக உள்ளே போனால் ஸஸ்பென்ஷனில் இடிக்கும்.

நான்காவது, போல்ட்டின் இருக்கை. சில வண்டிகளின் போல்ட் உருண்டை முகம் உடையது. சில கூம்பு முகம் உடையவை. உருண்டையைக் கூம்புப் பள்ளத்தில் முடுக்கினால் பார்வைக்கு இறுகியதுபோல் இருக்கும், உண்மையில் கவ்வாது. ஆயிரம் ஆரக்கால் இருந்தும் அச்சாணி சரியில்லாத தேர் என்ன கதியாகும்? மாற்றுச் சக்கரம் பழையபடி இரும்பாக இருந்தால், அதற்குரிய பழைய போல்ட்டுகளையும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். நடுவழியில் பங்சரானபோது இதன் அருமை தெரியும்.

நம் கரையின் குணம்

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொது. இராமேசுவரம் கரைக்கென்று தனியாகச் சில சங்கதிகள் உண்டு.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர், வெகுகாலம் அங்கே போவதென்றால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஜீப்பும் வேனும் மணலிலும் நீரிலும் புகுந்து செல்ல வேண்டியிருந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு எல்லா வண்டிகளும் போகின்றன. ஆனால் இரு கடல்களுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சாலையில் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டேயிருக்கிறது. ஓரத்தில் ஒதுக்கினால் தாழ்ந்த செடான் புதைந்துவிடும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது தரையில் பரந்து படிந்து மணலிலிருந்து மீளும். மீண்டதும் காற்றடைத்துக்கொள்ள வேண்டும். சுவர் உயர்ந்த டயரில்தான் இந்த உபாயம் பலிக்கும். சுவர் குறுகிய டயரில் காற்றைக் குறைத்தால், அடுத்த மேட்டில் வளையமே அடி வாங்கும்.

இரண்டாவது சங்கதி உப்பு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் துருவோடு போராடி ஓய்ந்தது. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்கு உப்புக் காற்றைத் தாங்கும் விசேஷ வர்ணம் பூச வேண்டியிருந்தது. அந்தக் காற்றுதான் நம் சக்கரத்தின் மீதும் படுகிறது. அலாய் சக்கரம் அலுமினியக் கலவை, குடம் இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு நீர் புகுந்தால் அரிப்பு உண்டாகிச் சக்கரம் குடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பாறைகளில் உராய்ந்து வர்ணம் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை போல் அரிப்பு பரவுகிறது. கண்ணாடி போல் மெருகிட்ட சக்கரத்தைவிட, முழுவதும் வர்ணம் பூசிய சக்கரமே இக்கரைக்கு ஏற்றது. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால், உட்புறம் உட்பட, கழுவ வேண்டும்.

மூன்றாவது சாலை. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் நீளம். அதன் இணைப்புகளைக் கடக்கும்போதும், கிராமங்களின் வேகத்தடைகளைத் தாண்டும்போதும் டயரின் சுவர்தான் வளையத்தைக் காப்பாற்றுகிறது. ஆகையால், பதினாறு அங்குலத்தோடு வந்த வண்டிக்கு இந்தப் பக்கத்தில் பதினேழே எல்லை என்பது நம் அபிப்பிராயம். பதினாறிலேயே நல்ல டயராக மாற்றிக்கொள்வது அதனினும் சிறந்தது.

பூட்டும் முன்னும் பின்னும்

சக்கரத்தின் உட்புறத்தில் அது தாங்கும் பாரமும், ஜே.டபிள்யூ.எல். போன்ற தர முத்திரையும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. ஆதலால், தயாரித்த கம்பெனியார் தம் கைப்புத்தகத்தில் அனுமதித்த அளவுகளுக்குள் நின்றுகொள்வதே க்ஷேமம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

போல்ட்டுகளை நட்சத்திரம் வரைவது போல் ஒன்றுவிட்டு ஒன்றாக, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பாருங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் டயரை மாற்றியே தீர வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

வாங்கப் போகும் நாளில் பிள்ளையே ஒரு தாளில் எட்டு எண்களை எழுதி எடுத்துச் செல்லட்டும்: டயரின் மொத்த விட்டம், பாரக் குறியீடு, வேகக் குறி, வளையத்தின் அகலம், துவாரங்களின் வட்டம், நடுத்துவாரம், ஆஃப்செட், தயாரித்த வாரம். ஒன்பதாவதாகப் போல்ட்டின் இருக்கை உருண்டையா, கூம்பா என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். ஒன்பதும் பொருந்தும் சக்கரங்களில் அழகானது எதுவோ அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கட்டும். அப்பொழுது தகப்பனார் பணம் கொடுக்கத் தயங்க மாட்டார். பாட்டியும் பின் ஆசனத்தில் சாய்ந்து, பாம்பன் பாலத்தின் நடுவே கூடக் கண்ணயர்வாள்.