ஆடித்தபசு பார்க்க வீட்டைப் பூட்டிட்டு கிளம்புறீங்களா? அலாரம் பேனலில் முதலில் இந்த செட்டிங்ஸைப் பாருங்க!

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலில் ஊரே ரத வீதிகளில்தான் நிற்கும். மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கமாகவும் சுவாமி கோமதி அம்மனுக்குக் காட்சி கொடுத்து முடியும் வரை பல தெருக்களில் வீடுகள் பூட்டியே கிடக்கும். நோட்டம் பார்க்கிறவனுக்கு இதைவிட வசதியான நாள் கிடைக்காது. கேமராவோடு திருட்டு அலாரமும் மாட்டியவர்கள், 'நமக்கென்ன கவலை' என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் ஆடிக்கு இன்னொரு குணம் உண்டு. அம்மியும் பறக்கும் என்று சொல்வார்களே, அந்தக் காற்று. மலைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று, கொக்கி சரியாக விழாத ஜன்னலை ஒரு தட்டு தட்டினால் போதும், சைரன் அலறும். முதல் நாள் அக்கம்பக்கத்தினர் ஓடி வருவார்கள். இரண்டாம் நாள் எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள், 'அந்த வீட்டு மணி சும்மாவே அடிக்கும்' என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். அதற்கடுத்த நாள் வீட்டுக்காரரே வெறுத்துப்போய் சுவிட்சை அணைத்து வைப்பார். பல வீடுகளில் அலாரம் தோற்றுப் போவது இப்படித்தான். மாட்டிய அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து செட்டிங்ஸைப் பார்த்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பேனல் என்ன வேலை செய்கிறது?

கதவு, ஜன்னல்களில் காந்த சென்சார், ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார், வெளியே சைரன். இவை எல்லாவற்றின் வயரும் வந்து சேரும் பெட்டிதான் கன்ட்ரோல் பேனல். எண்களை அழுத்தும் கீபேட் ஹாலில் இருக்கும். 1853-ல் அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கிய மின் அலாரத்தில், கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். இன்றைய காந்த சென்சார்கள் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். கதவு மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்கும், திறந்தால் அறுபடும். வயரை வெட்டினாலும் அறுபடும் என்பதுதான் இதில் உள்ள லாபம்.

எந்த வயர் அறுந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது அலறுவது, யாருக்கு போன் போடுவது என்பதெல்லாம் பேனலுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

முதல் வேலை: 1234-ஐ மாத்துங்க

புது பேனல் பெரும்பாலும் 1234 மாதிரி ஒரு எண்ணோடுதான் வரும். அந்த எண் கம்பெனி கையேட்டிலேயே இருக்கும், கையேடு இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். அதை மாற்றாமல் விட்டால் பூட்டைப் பூட்டி சாவியைக் கதவிலேயே விட்டது போலத்தான்.

இதில் பலர் கோட்டை விடுவது, எண் ஒன்று இல்லை, மூன்று வகை என்பதில். வீட்டுக்காரருக்கு மாஸ்டர் எண். மற்றவர்களுக்கு யூசர் எண். மாட்டிக் கொடுத்தவர் செட்டிங்ஸுக்குள் நுழைய இன்ஸ்டாலர் எண். மாஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு இன்ஸ்டாலர் எண்ணை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மாட்டியவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "அது உங்களுக்கு எதுக்கு சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னாலும் விடாதீங்க. நாளைக்கு அவர் கடையை மூடிவிட்டால் உங்கள் பேனலில் ஒரு நொடியைக்கூட உங்களால் கூட்டிக் குறைக்க முடியாது. சில பேனல்களில் இன்ஸ்டாலர் பூட்டு போட்டுவிட்டால் ரீசெட் செய்தாலும் திறக்காது.

4 இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் ஒரே எண்ணை அழுத்தினால் அந்த நான்கு பட்டன்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். நான்கும் வேறு வேறு இலக்கம் என்று தெரிந்துவிட்டால், வரிசையை மாற்றிப் போட 24 வழிதான். எனவே அவ்வப்போது எண்ணை மாற்றுவது நல்லது. வண்டி நம்பர், கல்யாண வருஷம் வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வருபவருக்கும், தபசுக்கு வந்து தங்கும் உறவினருக்கும் தனித்தனி யூசர் எண் கொடுங்கள். அவர்கள் போனதும் அந்த எண்ணை மட்டும் அழித்துவிடலாம். பதிவு வைக்கும் பேனலாக இருந்தால் யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதும் தெரியும்.

எத்தனை விநாடி?

பேனலை ஆன் செய்துவிட்டு நாம் வெளியேற ஒரு அவகாசம், திரும்பி வந்து கதவைத் திறந்தபின் எண்ணை அழுத்த ஒரு அவகாசம். உதாரணத்துக்கு, டிஎஸ்சி பவர்சீரிஸ் பேனல்களில் கம்பெனியிலிருந்து வரும்போது வெளியேற 120 விநாடியும் உள்ளே வர 30 விநாடியும் இருக்கும். இது யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒரு வீட்டை நினைத்துப் போட்ட கணக்கு. நம் வீட்டில் கிரில் கேட், அதைத் தாண்டி மரக்கதவு, ரெண்டுக்கும் ரெண்டு பூட்டு, செருப்பைக் கழற்றி, லைட் சுவிட்சைத் தேடி... 30 விநாடி எங்கே போதும்?

அதற்காக 90 விநாடி வைத்தால் வருகிறவனுக்கு பீரோ வரை போக நேரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நல்ல வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ, ஆச்சியோ தாத்தாவோ, அவரை சென்சார் உள்ள கதவைத் திறந்து கீபேட் வரை நடந்து எண்ணை அழுத்தச் சொல்லுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். வரும் நேரத்தோடு 10 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வீட்டுக்கான அளவு.

மொட்டைமாடிக் கதவுக்கு எதுக்கு அவகாசம்?

செட்டிங்ஸிலேயே முக்கியமானது இதுதான். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஜோன் எண் உண்டு, ஒவ்வொரு ஜோனுக்கும் ஒரு குணம் கொடுக்க வேண்டும். வாசல் கதவுக்கு மட்டும் அவகாசம் இருக்கட்டும். கொல்லைப்புறக் கதவும் மொட்டைமாடிக் கதவும் திறந்த நொடியே அலற வேண்டும். அந்த வழியாக வீட்டுக்காரர் யாரும் சாவி போட்டு வரப்போவதில்லை. எல்லா ஜோனையும் 'அவகாசம்' என்று போட்டுவிட்டுப் போவது மாட்டுபவருக்குச் சுலபம், தவறான அலாரம் என்று போனும் வராது. நஷ்டம் உங்களுக்கு.

ஹால் நடமாட்ட சென்சாருக்கு இடைப்பட்ட குணம் ஒன்று இருக்கிறது. வாசல் கதவு முதலில் திறந்தால் பொறுத்திருக்கும், கதவு திறக்காமலே ஹாலில் ஆள் தெரிந்தால் உடனே அலறும். இது ஏன் தேவை? 2019 அக்டோபரில் திருச்சி லலிதா ஜுவல்லரியில் முகமூடி அணிந்து புகுந்தவர்கள் கதவுப் பக்கமே போகவில்லை, சுவரில் துளை போட்டு நுழைந்தார்கள். கதவில் எத்தனை காந்தம் ஒட்டினாலும் சுவர் வழியாக வருபவனைச் சொல்லாது. வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கினாலும் இதே கதைதான்.

இரவு தூங்கும்போது 'ஸ்டே' முறையில் போடுங்கள். வெளிக்கதவு, ஜன்னல்கள் காவலில் இருக்கும், உள்ளே நடமாட்ட சென்சார்கள் ஓய்வில் இருக்கும். தண்ணி குடிக்க எழுந்தால் தெருவே எழும்பாது.

சும்மா சும்மா அடிக்குதா?

விசைத்தறி ஓடும் தெருக்களில் அதிர்வு சென்சார் மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். பக்கத்துச் சுவரில் தறி அடிக்கும் அடியை அது உடைப்பு என்று எடுத்துக்கொள்ளும். தறி ஓடும் நேரத்திலேயே சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக் குறைத்து சோதியுங்கள். தறி நிற்கும் நாளில் சோதித்துப் பயனில்லை.

நடமாட்ட சென்சார் சூட்டின் அசைவைப் பார்த்து வேலை செய்வது. வெயில் விழும் ஜன்னலைப் பார்த்து மாட்டினாலோ, முன்னால் திரைச்சீலை ஆடினாலோ, பல்லி கண்ணாடி மேலேயே ஊர்ந்தாலோ ஏமாறும். சுமார் 7 அடி உயரத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்கட்டும். காற்றில் ஆடும் கதவுக்கு செட்டிங்ஸ் வைத்தியம் கிடையாது. காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, தாழ்ப்பாளைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சைரன் எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்பதையும் பாருங்கள். 4 நிமிடம் போதும். வீட்டில் ஆளில்லாமல் ராத்திரி முழுக்க அலறினால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

துபாய் மகனுக்கா முதல் கால்?

சிம் போடும் பேனலில் ஐந்தாறு எண்களைப் பதியலாம். பல பேனல்கள் வரிசையாகக் கூப்பிடும், ஒருவர் எடுத்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளும். முதல் எண்ணாக துபாயிலோ மும்பையிலோ இருக்கும் மகன் எண்ணைப் போட்டால், அவர் அங்கிருந்து பதறத்தான் முடியும். பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடிய பக்கத்து வீட்டு அண்ணாச்சி எண் முதலில் இருக்கட்டும், மகன் எண் அதற்குப் பிறகு. 100, 112-ஐ நேரடியாகப் பதிய வேண்டாம். காற்றுக்கு அடித்த மணிக்கெல்லாம் போலீஸை அழைத்த கணக்காகிவிடும். ஒருவர் விஷயத்தை உறுதி செய்துகொண்டு அழைப்பதே சரி.

சிம் விஷயத்தில் ஒரு சிக்கல். விலை குறைந்த பேனல்கள் பல 2ஜியில் மட்டும் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, அந்த சிம் இதில் வேலை செய்யாது. சிம்முக்கு பின் லாக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள், பேனல் வாய் திறந்து கேட்காது.

கரண்ட் போனால்?

பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். பேனலும் சென்சார்களும் சேர்ந்து 300 மில்லியாம்பியர் இழுத்தால் புதிய பேட்டரி கணக்குப்படி 20 மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாளை இதற்கான இலவச சோதனையாக வைத்துக்கொள்ளலாம். அன்று மதியத்துக்குள்ளேயே கீபேட் பேட்டரி எச்சரிக்கை காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் மூன்று வருஷத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

தபசுக்கு இரண்டு நாள் முன்னதாக, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து சைரன், போன் இரண்டும் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில நாள் வெளியூர் போவதாக இருந்தால், அலாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.